டியூவைக் குறைக்கவா, காலத்தைக் குறைக்கவா என்று எங்களையும் கேளுங்கள்

கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களில் வீட்டுக்கடன் கொடுக்கும் வங்கிக் கிளைகளின் மேலாளர்களுக்கும் கடன் பிரிவு அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

நான் காவேரிப்பட்டணத்தில் இருக்கிறேன். பக்கத்தில் ஒரு மாங்கூழ் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் ஓசூரில் ஒரு கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறார். விடிவதற்கு முன் பைபாஸில் போய் நின்று கம்பெனி பஸ் ஏறுவார். எங்கள் இரண்டு பேர் குடும்பத்திலும் வங்கிக் கடனில் வீடு வாங்கிய முதல் ஆட்கள் நாங்கள்தான். 20 வருடத்துக்கு எழுதிக் கொடுத்த கடனை எட்டு வருடத்துக்குள் அடைத்து முடித்தோம்.

அடைத்த பெருமையைச் சொல்ல இந்த மடலை எழுதவில்லை. அடைக்கும் வழியில் எங்களுக்கு யாருமே சொல்லாத சில விஷயங்கள் இருந்தன. தட்டித் தடவி நாங்களே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. தெரியாமல் போன இரண்டு வருடத்துக்கு விலையும் கொடுத்தோம். கடன் கொடுக்கும்போது எங்களை உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னீர்கள். திருப்பிக் கட்ட வரும்போதும் அதே மாதிரி ஒரு பத்து நிமிடம் உட்கார வைத்துப் பேசுங்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

வீடு வாங்குவதற்கு முன்னால் கிருஷ்ணகிரி பழையபேட்டையில் ஒன்பது வருடம் வாடகைக்கு இருந்தோம். ஒன்பது வருடத்தில் நான்கு வீடு. கடைசி வீட்டில் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வரும். மாடியில் இருந்த வீட்டுக்காரம்மா அவர்கள் தொட்டி நிறைந்த பிறகுதான் எங்கள் வால்வைத் திறப்பார். என் மகள் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது சுவரில் மயில் வரைந்துவிட்டாள் என்று அட்வான்ஸில் 3,000 ரூபாய் பிடித்துக்கொண்டார்கள். அன்றைக்கு ராத்திரிதான் என் வீட்டுக்காரர், "எவ்வளவு சின்னதா இருந்தாலும் சரி, சொந்தமா பாத்துடலாம்" என்றார்.

2016இல் காவேரிப்பட்டணத்தில் இரண்டு அறையும் ஒரு சமையலறையும் உள்ள ஓட்டு வீடு இல்லை, தளம் போட்ட வீடாகவே கிடைத்தது. விலை 18 லட்சத்து 50 ஆயிரம். நகையும் சீட்டுப் பணமும் சேர்த்து நாலரை லட்சம் போட்டோம், 14 லட்சம் கடன் வாங்கினோம். பத்திரச் செலவு தனி. பத்திரம் என் பெயரில். பெண் பெயரில் பதிந்தால் சலுகை எதுவும் அப்போது கிடையாது. இப்போது 10 லட்சம் ரூபாய் வரையுள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைகிறது. 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது, வாங்கப் போகிறவர்கள் கவனியுங்கள்.

வட்டி ஒன்பதரை சதவீதம், 240 மாதம், மாதத் தவணை 13,050 ரூபாய். எங்கள் பக்கம் தவணை என்று யாரும் சொல்வதில்லை, டியூ என்போம். முதல் டியூ 2016 ஜூலையில் கட்டினோம். அந்த 13,050இல் 11,083 ரூபாய் வட்டிக்குப் போனது. அசலில் கழிந்தது 1,967 ரூபாய். ஒரு வருடம் ஒரு மாதம்கூடத் தவறாமல் மொத்தம் 1,56,600 ரூபாய் கட்டினோம். அசல் குறைந்தது 25,000கூட இல்லை. பாக்கி 13 லட்சத்து 75 ஆயிரம் சொச்சம் என்று கம்ப்யூட்டர் காட்டியது.

இதில் வங்கி எங்களை ஏமாற்றிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. கணக்கு எழுதுகிறவள் நான். பாக்கி அதிகமாக இருக்கும்போது வட்டி அதிகமாகத்தான் இருக்கும், அதைக் கழித்த மிச்சம்தான் அசலுக்குப் போகும். ஆனால் அதனால்தான் ஆரம்ப வருடங்களில் கூடுதலாகக் கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் அத்தனை பலம் இருக்கிறது. 15ஆவது வருடத்தில் கட்டும் ஒரு லட்சமும் முதல் வருடத்தில் கட்டும் ஒரு லட்சமும் ஒன்றில்லை. இதை எங்களுக்கு ஒருவராவது சொல்லியிருக்க வேண்டும்.

2017 ஜூன் கடைசியில் கையில் ஒரு லட்சம் சேர்ந்தது. எங்கள் தொழிற்சாலை வருடத்தில் நான்கு மாதம்தான் முழு வேகத்தில் ஓடும். மே மாதம் லாரி லாரியாகப் பெங்களூரா மாம்பழம் வந்து இறங்க ஆரம்பித்தால் இரண்டு ஷிப்ட், மூன்று ஷிப்ட் என்று போகும். எடைச் சீட்டு எழுதி எழுதி விரல் மரத்துப்போகும். ஓவர்டைம் நன்றாக வரும். அந்தப் பணமும், எங்கள் அம்மா புளியமரங்களைக் குத்தகைக்கு விட்டதில் வந்த 22,000மும், முடிந்த ஒரு சீட்டும் சேர்ந்ததுதான் அந்த ஒரு லட்சம். மஞ்சள் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் போனேன்.

கவுண்டரில் இருந்த தம்பி நல்ல மாதிரிதான். "லோன் அக்கவுண்ட்ல போடணுமா மேடம்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஒரு சலானை நீட்டினார். எழுதிக் கொடுத்தேன், எண்ணினார், சீல் வைத்தார். "அடுத்த மாசத்துல இருந்து உங்க டியூ குறையும்" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். வெளியே வந்ததும் என் வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். அடுத்த மாதம் 12,101 ரூபாய்தான் பிடித்தார்கள், 949 ரூபாய் குறைந்திருந்தது. அன்றைக்கு வீட்டில் கேசரி.

இரண்டு வருடம் கழித்து, 2019இல், எங்கள் முதலாளி ஒரு மெஷினுக்காக வாங்கிய கடனில் கொஞ்சம் முன்கூட்டியே கட்டினார். வங்கி அதிகாரி ஆபீசுக்கே வந்திருந்தார். நான் பக்கத்து மேசையில் ரசீது அடுக்கிக்கொண்டிருந்தேன். அவர் முதலாளியிடம் கேட்டது அப்படியே காதில் விழுந்தது: "சார், டியூவைக் குறைச்சுடலாமா, இல்ல டியூ அப்படியே இருக்கட்டும், காலத்தைக் குறைச்சுடலாமா?" முதலாளி யோசிக்கவே இல்லை. "காலத்தைக் குறைங்க" என்றார்.

இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்கவில்லையே என்று அப்போதுதான் உறைத்தது. அன்று சாயந்திரம் எல்லோரும் போன பிறகு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து எங்கள் கடனைப் போட்டுப் பார்த்தேன். அந்தக் கணக்கை இங்கே எழுதுகிறேன். எளிதாகப் புரிவதற்காக வட்டி ஒன்பதரையிலேயே நின்றது என்று வைத்துக்கொள்கிறேன்.

ஒரு லட்சம் கட்டிய அன்று இன்னும் 228 டியூ பாக்கி இருந்தது. டியூவைக் குறைத்ததால் மாதம் 949 ரூபாய் மிச்சம். 228 மாதத்துக்கு 2,16,372 ரூபாய். நாங்கள் கட்டிய ஒரு லட்சத்தைக் கழித்தால் லாபம் 1,16,000 சொச்சம். சரி. டியூவைத் தொடாமல் அதே 13,050 கட்டிக்கொண்டு போயிருந்தால்? 228 மாதம் என்பது 189 மாதமாக ஆகியிருக்கும். 39 டியூ கட்டவே வேண்டாம். 39 பெருக்கல் 13,050 என்றால் 5,08,950. கட்டிய ஒரு லட்சம் போக 4 லட்சத்துக்கு மேல் மிச்சம்.

அதே பணம், அதே நாள், அதே கவுண்டர். ஒரு கேள்வி கேட்காததால் கிட்டத்தட்ட 3 லட்சம் ரூபாய் வித்தியாசம். எங்களுக்கு அது ஏறக்குறைய இரண்டு வருட டியூ.

குறைந்த 949 ரூபாயை மாதாமாதம் தனியாக எடுத்து வைத்துத் திரும்பக் கடனில் கட்டியிருந்தால் கணக்கு சமமாகியிருக்கும் என்று உங்களில் ஒருவர் சொல்லலாம். உண்மைதான். ஆனால் எந்த வீட்டில் அப்படி எடுத்து வைக்கிறார்கள்? அது கேஸ் சிலிண்டருக்கும், பிள்ளையின் வேன் ஃபீஸுக்கும், யார் வீட்டுக் காதுகுத்துக்கோ வைத்த மொய்க்கும் போய்விடும். எங்களுக்கும் அப்படித்தான் போனது.

டியூவைக் குறைப்பதே தப்பு என்றும் நான் சொல்லவில்லை. 2020இல் ஓசூர் கம்பெனிகள் மூடிக் கிடந்தபோது எங்கள் வீட்டில் ஒரு சம்பளம் பாதியாகி, ஒரு சம்பளம் நின்றே போனது. டியூ குறைவாக இருந்தால் நன்றாக இருக்குமே என்று அப்போது எங்களுக்கே தோன்றியது. டியூ கட்டுவதைத் தள்ளிப்போட ரிசர்வ் வங்கி மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை ஒத்திவைப்பு கொடுத்தது, இரண்டு மாதம் எடுத்துக்கொண்டோம். வட்டி மட்டும் நிற்காமல் ஏறியது. ஆக ஒரு குடும்பத்துக்கு டியூ குறைவது தேவையாக இருக்கும், இன்னொன்றுக்குக் காலம் குறைவது தேவையாக இருக்கும். எது வேண்டும் என்பது அந்த வீட்டுக்குத்தான் தெரியும். அதனால்தான் கேளுங்கள் என்கிறேன்.

2019இல் திரும்பக் கிளைக்குப் போய் டியூவைப் பழையபடி 13,050 ஆக்கிக் கொடுங்கள் என்று கேட்டேன். சிஸ்டத்தில் முடியாது என்றார்கள். டியூவை ஏற்றச் சொல்லி யாராவது கேட்பார்களா என்பது போலப் பார்த்தார்கள். எழுதிக் கொடுத்தேன். மூன்று தடவை போனேன், மூன்று நாள் சம்பளம் போனது. நான்காவது தடவை புதிதாக மாற்றலாகி வந்திருந்த ஒரு மேடம் இருந்தார். என் காகிதத்தை வாங்கி இரண்டு நிமிடம் படித்தார், அரை மணி நேரத்தில் மாற்றிக் கொடுத்தார். சிஸ்டத்தில் முடியும் என்று அன்று தெரிந்தது. அந்த மேடத்துக்கு இந்த மடல் வழியாக நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

முன்கூட்டிக் கட்டினால் அபராதம் உண்டு என்று இன்னும் ஊரில் பேசிக்கொள்கிறார்கள். எங்கள் தொழிற்சாலையில் கூடவே வேலை செய்யும் அக்கா ஒருவர் அந்தப் பயத்திலேயே கையில் இருந்த பணத்தை மூன்று வருடம் சேமிப்புக் கணக்கில் போட்டு வைத்திருந்தார். அங்கே அது சம்பாதித்தது மூன்று, மூன்றரை சதவீதம். கடனுக்கு அவர் கட்டியது ஒன்பதுக்குப் பக்கம். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக்கடனை முன்கூட்டி அடைத்தால் வங்கி எந்தக் கட்டணமும் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012 ஜூனிலேயே சொல்லிவிட்டது. எங்கே இருந்து பணம் கொண்டுவந்து கட்டினாலும் சரி. நிலையான வட்டியில் வாங்கியவர்கள் மட்டும் தங்கள் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த ஒரு வரியை உங்கள் கிளைச் சுவரில், நகைக்கடன் விளம்பரத்துக்குப் பக்கத்தில், பெரிய எழுத்தில் ஒட்டி வைக்கலாமே. நகைக்கடன் வட்டி எவ்வளவு என்று எங்கள் ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும், சுவரில் இருப்பதால்தான் தெரிகிறது.

என் தங்கை பாலக்கோட்டில் இருக்கிறாள். தனியார் பள்ளியில் டீச்சர். அவள் வீட்டுக்காரர் சொந்தமாக ஒரு லோடு வண்டி வைத்துத் தக்காளி ஏற்றுகிறார். அவர்கள் வீட்டுக்கடன் எடுத்தது 2022 ஜனவரியில், 12 லட்சம், வட்டி 6.9 சதவீதம், டியூ 9,232 ரூபாய். அந்தச் சமயத்தில் ரெப்போ விகிதம், அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டி, 4 சதவீதம். அதே வருடம் மே மாதம் ஏற ஆரம்பித்து 2023 பிப்ரவரிக்குள் 6.5க்குப் போய்விட்டது. அவள் வட்டியும் கூடவே இரண்டரை சதவீதம் ஏறியது. டியூ மட்டும் மாறவில்லை. மாறவில்லையே, பரவாயில்லை என்று இருந்துவிட்டாள்.

ஒரு நாள் நான் அவள் ஸ்டேட்மெண்டை வாங்கிப் பார்த்தேன். கட்டுகிற 9,232இல் வட்டி போக அசலுக்கு மாதம் நூறு ரூபாய்கூடப் போகவில்லை. பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவள் அவள். அவளுக்கே தெரியவில்லை. கடன் காலம் தானாக நீண்டுகொண்டே போயிருக்கிறது. பிறகு வங்கி டியூவை ஏற்றியது. அதற்கும் இங்கிலீஷில் ஒரு மெசேஜ், அவ்வளவுதான்.

இந்த மாதிரி நடக்கக் கூடாது என்றுதான் 2023 ஆகஸ்ட் 18இல் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை போட்டது. வட்டி மாறும்போது டியூவை ஏற்றுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்வதா என்று கடன் வாங்கியவரைக் கேட்க வேண்டும். நிலையான வட்டிக்கு மாறும் வாய்ப்பும் தர வேண்டும் என்று அப்போது இருந்தது, 2025 அக்டோபரிலிருந்து அது மட்டும் வங்கியின் விருப்பம். எப்போது வேண்டுமானாலும் முழுதாகவோ கொஞ்சமாகவோ முன்கூட்டிக் கட்டலாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஸ்டேட்மெண்ட் தர வேண்டும். அதில் இதுவரை போன அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, டியூ எவ்வளவு, இன்னும் எத்தனை டியூ பாக்கி என்பதெல்லாம் இருக்க வேண்டும். பழைய கடன்களுக்கும் இது பொருந்தும், 2023 டிசம்பர் 31க்குள் நடைமுறைக்கு வந்திருக்க வேண்டும்.

நல்ல விதி. ஆனால் பாலக்கோட்டிலும் பென்னாகரத்திலும் அரூரிலும் கடன் வாங்கியவர்களில் எத்தனை பேர் அந்த ஸ்டேட்மெண்டைக் கையில் வாங்கிப் பார்த்திருப்பார்கள்? ஆப்பில் இருக்கிறது என்பீர்கள். ஆப் பெரும்பாலும் இங்கிலீஷில் இருக்கிறது. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்களில் பலர் தமிழையே எழுத்துக் கூட்டித்தான் படிப்பார்கள், அவர்களுக்கு அந்த ஆப் என்ன சொல்லும்? 2024 அக்டோபர் 1 முதல் கொடுக்கும் புதுக் கடன்களுக்கு, முக்கிய விவரங்கள் அடங்கிய தாளை வாங்குகிறவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்றும் விதி வந்துவிட்டது. கொடுக்கும்போது புரியும் மொழியில் தர முடிகிறது என்றால் கட்டும்போதும் தர முடியும்.

"ஏன் மேடம் அவசரப்பட்டு அடைக்கிறீங்க? வரிச் சலுகை போயிடுமே" என்று ஒரு அதிகாரி என்னிடம் ஒருமுறை கேட்டார். அக்கறையாகத்தான் கேட்டார். ஆனால் எங்கள் இரண்டு பேர் சம்பளத்துக்கும் வருமான வரி வந்ததே இல்லை. வராத வரியில் என்ன சலுகை? இப்போது புது முறையில் வரி கட்டுகிறவர்களுக்கும், தாங்கள் குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்குக் கழிவு கிடையாது. இன்னொருவர் மியூச்சுவல் ஃபண்டில் போடுங்கள், அதில் இதைவிட அதிகம் வரும் என்றார். வரலாம். மாதச் சம்பளம் நிச்சயமாக வருகிறவர்கள் அப்படி யோசிக்கட்டும். மழை தப்பி மாங்காய் பூ உதிர்ந்தால் எங்களுக்கு ஓவர்டைம் இல்லை, ஓசூரில் ஆர்டர் குறைந்தால் அவருக்கு ஷிப்ட் இல்லை. அப்படிப்பட்ட வீட்டுக்கு டியூ இல்லாத மாதம் ஒன்று முன்னால் தெரிவதுதான் பெரிய பலம்.

கந்துவட்டியோ, கிரெடிட் கார்டு பாக்கியோ இருக்கிறவர் அதை முதலில் முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கடன் பக்கம் வர வேண்டும். கையில் ஆறு மாத டியூவுக்காவது பணம் வைத்துக்கொள்ளாமல் இருப்பதைக் கொண்டுபோய் மொத்தமாகக் கட்டுவதும் சரியில்லை. இதையும் நீங்கள்தான் சொல்ல வேண்டும். சொன்னால் கேட்பார்கள். எங்கள் ஊரில் மேனேஜர் சொன்னால் அதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது, அது உங்களுக்கே தெரியும்.

2019க்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் வந்தது. தீபாவளி போனஸில் பாதி, புளி குத்தகைப் பணம், மாம்பழ சீசன் ஓவர்டைம் எல்லாம் கடனுக்கு. ஒவ்வொரு தடவையும் சலானோடு, "டியூ மாற வேண்டாம், காலத்தைக் குறைக்கவும்" என்று தனியாக ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்வேன். அந்த நகல்கள் இன்னும் ஒரு ஃபைலில் இருக்கின்றன. 2020இல் ஒரு தோழி சொல்லி, கடனை ரெப்போவோடு இணைந்த வட்டிக்கு மாற்றினோம். அதற்கு ஒரு சின்னக் கட்டணம். கடைசியாக என் வீட்டுக்காரருடைய பி.எஃப். கணக்கிலிருந்து வீட்டுக்கடன் அடைப்பதற்கான முன்பணம் 2 லட்சத்து 30 ஆயிரம் எடுத்து, 2024 ஏப்ரல் 22, திங்கட்கிழமை அன்று கடனை முடித்தோம். பாக்கி சைபர் என்று அச்சடித்த தாளை வாங்கி அவர் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வழியில் இரண்டு தடவை எடுத்துப் பார்த்தார்.

அதற்குப் பிறகுதான் பத்திரத்துக்கான அலைச்சல் ஆரம்பித்தது.

பத்திரம் இங்கே இல்லை, வேறு ஊரில் பாதுகாப்பில் இருக்கிறது, வரும் என்றார்கள். மே போனது. ஜூன் வந்தது. எப்போது கேட்டாலும் "எழுதியிருக்கோம் மேடம்." கடன் முடிந்து 30 நாளுக்குள் அசல் ஆவணங்கள் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்து, சொத்தின் மேல் பதிந்த கடன் பொறுப்பையும் நீக்க வேண்டும். தாமதம் வங்கியால் என்றால் நாள் ஒன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு கொடுக்க வேண்டும். தாமதத்துக்குக் காரணத்தையும் சொல்ல வேண்டும். ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பர் 13இல் போட்ட உத்தரவு இது, அதே வருடம் டிசம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதைக் கடைசியில் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பத்தே நாளில் பத்திரம் வந்துவிட்டது.

ஜூன் 27. எண்ணிப் பார்த்தால் 66ஆவது நாள். 36 நாள் தாமதம். 36 பெருக்கல் 5,000 என்ன என்பதை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அதைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. வங்கியில் புகார் எழுதிக் கொடுத்து 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், காசு செலவில்லை, 14448க்குப் போன் செய்தால் விவரம் சொல்வார்கள். நான் போகவில்லை. மாம்பழ சீசன் நடந்துகொண்டிருந்தது, அரை நாள் லீவு கேட்கக்கூட முடியாத நேரம். உரிமை கையில் இருந்தும் நேரம் இல்லாததால் விட்டுவிட்ட ஆட்கள் என்னைப் போல நிறையப் பேர் இருப்பார்கள்.

அன்று பத்திரத்தை ஒரு பழுப்புக் கவரில் போட்டுக் கொடுத்தார்கள். என் விற்பனைப் பத்திரத்தின் இடது ஓரத்தில் ஃபைல் கட்டுவதற்காக இரண்டு ஓட்டை போட்டிருந்தது. ஒரு ஓட்டை என் கையெழுத்தின் முதல் எழுத்தைத் தின்றிருந்தது. மூலப் பத்திரத்தை அதன் பழைய மடிப்பில் மடிக்காமல் வேறு மாதிரி மடித்திருந்ததில் ஒரு பக்கம் மடிப்பில் கிழிந்திருந்தது. உங்களுக்கு அது ஆயிரம் ஃபைலில் ஒன்று. நாங்கள் எட்டு வருடம் எதிர்பார்த்திருந்தது அந்தக் கவரைத்தான். தயவுசெய்து பத்திரத்தில் ஓட்டை போடாதீர்கள். பிளாஸ்டிக் உறையில் வைத்து, உறையில் ஓட்டை போடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பத்திரம் கைக்கு வந்ததும் வேலை முடிந்தது என்று முக்கால்வாசிப் பேர் நினைத்துக்கொள்கிறார்கள். கடன் வாங்கும்போது சார்பதிவாளர் அலுவலகத்தில் உரிமை ஆவணங்களை ஒப்படைத்ததாகப் பதிந்திருப்போம். கடன் முடிந்ததற்கு ரசீது ஆவணம் பதியும் வரை ஈசியில், அதாவது வில்லங்கச் சான்றில், அந்த வரி அப்படியே நிற்கும். எங்கள் தெருவில் ஒரு அண்ணன் 2018இலேயே கடனை முடித்துவிட்டார். ரசீது போட வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. போன வருடம் மகள் கல்யாணத்துக்காக வீட்டின் பேரில் கடன் கேட்கப் போனபோது, ஈசியில் பழைய கடன் நிற்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பழைய கிளைக்கு ஓடினார். அங்கே இருந்தவர்கள் எல்லோரும் மாறிப்போயிருந்தார்கள், கணக்கு எண்ணைத் தேடி எடுக்கவே பதினைந்து நாள் ஆனது. கல்யாண மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு மனிதர் தூக்கமில்லாமல் திரிந்ததை நான் பார்த்தேன். கடனை முடிக்கும் அன்றே, இன்ன தேதியில் ரசீது பதியப் போகலாம், எங்கள் ஆபீசர் கூட வருவார் என்று நீங்கள் நாள் குறித்துக் கொடுத்தால் இந்த அலைச்சல் ஒருவருக்கும் இருக்காது. அதையும் 30 நாளுக்குள் செய்ய வேண்டியது வங்கியின் பொறுப்புதான்.

நீங்கள் இரண்டு மூன்று வருடத்தில் மாற்றலாகி வேறு ஊருக்குப் போய்விடுவீர்கள். எங்கள் கடன் 20 வருடம். அந்த நல்ல மேடம் போன பிறகு அடுத்து வந்தவருக்கு நான் மறுபடியும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. அதனால் ஆளை நம்பி இல்லாமல் கிளையிலேயே நிற்கிற மாதிரி ஒரு தாள் வேண்டும். கூடுதல் பணம் கட்ட வருகிறவருக்கென்று தனியாக ஒரு சலான், தமிழில். அதில் இரண்டே கட்டம்: டியூவைக் குறைக்கவும், காலத்தைக் குறைக்கவும். ஒவ்வொரு கட்டத்துக்கும் எதிரில், இன்று இவர் கட்டும் தொகைக்கு எத்தனை ரூபாய் குறையும், எத்தனை மாதம் குறையும் என்று கம்ப்யூட்டரிலேயே போட்டு அச்சடித்துக் கொடுங்கள். டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறோம். ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியர் தலைமையில் எல்லா வங்கிகளும் உட்காரும் ஆலோசனைக் குழுக் கூட்டம் நடக்கிறது. இவ்வளவு கடன் கொடுத்தோம், இலக்கில் இவ்வளவு எட்டினோம் என்று அதில் கணக்குச் சொல்கிறீர்கள். இந்தச் சலானைப் பற்றியும் அங்கே ஒரு தடவை பேசுங்கள்.

என் தங்கை அடுத்த மாதம் வருகிறாள். பாலக்கோட்டில் உங்களில் ஒருவருடைய கிளைதான். தக்காளி நல்ல விலைக்குப் போன மாதங்களில் எடுத்து வைத்த 60,000 ரூபாயைக் கொண்டுவருகிறாள். அவள் கடனில் அவள் கட்டப்போகும் முதல் கூடுதல் பணம் அது. பள்ளிக்கூடம் விட்டு நாலே காலுக்கு வருவாள், கவுண்டர் மூடிவிட்டது என்று சொல்லிவிடாதீர்கள் என்று கேட்க முடியாது, அதனால் பர்மிஷன் போட்டு மூன்று மணிக்கே வரச் சொல்லியிருக்கிறேன். கூச்ச சுபாவம், தானாக எதுவும் கேட்க மாட்டாள். அவளை உட்காரச் சொல்லி, அந்தக் கேள்வியை நீங்களே கேளுங்கள்.

இப்படிக்கு,
கடனை முடித்த ஒரு வாடிக்கையாளர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.